தூரம் அறிவதே தொழில்: க்ரூகர் காட்டு வழிகாட்டியின் அன்றாடம்

ஆப்பிரிக்க சஃபாரிகளில் பணிபுரியும் ரேஞ்சர்கள் நாள்தோறும் எந்தெந்த விலங்குகளை எதிர்கொள்கிறார்கள், அவர்கள் தோளில் தொங்கும் துப்பாக்கிக்கு எவ்வளவு வேலை இருக்கிறது, பார்வையாளராகப் போகிறவர் எதற்கு அஞ்ச வேண்டும் என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவை ஒட்டிய தனியார் காப்பகம் ஒன்றில் ஏழாண்டுகள் வழிகாட்டியாக இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். துப்பாக்கியைப் பற்றிய கேள்விக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுகிறேன். அந்த ஏழாண்டுகளில் நான் எந்த விலங்கையும் நோக்கிச் சுட்டதில்லை. என்னோடு பணிபுரிந்தவர்களில் பெரும்பாலோரும் சுட்டதில்லை. சுட வேண்டிய நிலை வந்துவிட்டால், அதற்குப் பல நிமிடங்கள் முன்னதாகவே நாம் எதையோ கவனிக்கத் தவறிவிட்டோம் என்றுதான் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டது.

ரேஞ்சர் என்றால் நம் ஊரில் வனச்சரக அலுவலர் நினைவுக்கு வருவார். தென்னாப்பிரிக்காவில் அந்தச் சொல் பல வகையினரைக் குறிக்கிறது. பூங்காவின் ஒரு பிரிவு முழுவதையும் நிர்வகிப்பவரும் ரேஞ்சர்தான். கள்ளவேட்டையைத் தடுக்க ஆயுதத்துடன் நடந்தே ரோந்து செல்பவரும் ரேஞ்சர்தான். பார்வையாளர்களைத் திறந்த வண்டியிலும் நடையாகவும் அழைத்துச் செல்லும் வழிகாட்டியையும் பேச்சுவழக்கில் அப்படித்தான் அழைக்கிறார்கள். நான் மூன்றாம் வகை. என் அனுபவத்தை முதலிரு வகையினரின் வாழ்க்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் சந்திக்கும் ஆபத்து வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இடத்தைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும். க்ரூகர் பூங்கா ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது; வடக்கே லிம்போப்போ ஆற்றிலிருந்து தெற்கே முதலை ஆறு வரை சுமார் 360 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. 1898-இல் சாபி காப்பகமாகத் தொடங்கி, 1926-இல் தேசியப் பூங்காவானது. அதன் மேற்கு எல்லையில் சாபி சாண்ட், டிம்பவாட்டி முதலிய தனியார் காப்பகங்கள் இருக்கின்றன. சாபி சாண்டுக்கும் பூங்காவுக்கும் இடையே இருந்த வேலி 1993-இல் எடுக்கப்பட்டதிலிருந்து விலங்குகளுக்கு அங்கே எல்லை என்று எதுவும் இல்லை. ஆப்பிரிக்கா என்றதும் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும் புல்வெளியைப் பலர் கற்பனை செய்கிறார்கள். இது அப்படிப்பட்ட நிலம் அன்று. முள்மரங்களும் மாருலா மரங்களும் இடுப்பளவு புல்லும் கலந்த புதர்க்காடு. பல இடங்களில் நாற்பது அடிக்கு அப்பால் நிற்கும் யானையே தெரியாது. கண்ணால் கண்ட பிறகு முடிவெடுக்கலாம் என்று அங்கே நடப்பவன், பெரும்பாலும் மிகவும் தாமதமாகவே முடிவெடுப்பான்.

ஆகவே எங்கள் நாள் விலங்கைப் பார்ப்பதில் தொடங்குவதில்லை. தரையைப் பார்ப்பதில் தொடங்குகிறது. கோடைக்காலத்தில் நாலரை மணிக்கு எழுந்து, வண்டியின் சக்கரங்களையும் வானொலியையும் சரிபார்த்து, விருந்தினர்களுக்குக் காப்பி கொடுத்து, ஐந்தரை மணிக்குள் புறப்பட்டுவிடுவோம். வண்டியின் முகப்பில், இடப்புற மூலையில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறிய இருக்கை உண்டு. அதில் அமர்பவர்தான் தடம் பார்ப்பவர். என்னோடு இருந்தவர் சோங்கா மொழி பேசும் ஷாங்கான் சமூகத்துப் பெரியவர். சிறுவயதில் மாடு மேய்க்கும்போது தொலைந்த கன்றுகளைத் தேடித் தேடித் தடம் படிக்கக் கற்றவர். எனக்குச் சான்றிதழ்கள் இருந்தன. காட்டை வாசிக்கும் அறிவு அவரிடம் இருந்தது. சஃபாரி பற்றிய எழுத்துகளில் வழிகாட்டியின் பெயரும் படமும் வருகின்றன, முன்னிருக்கையில் இருப்பவர் படத்தின் ஓரத்தில் முதுகாகத் தெரிகிறார். இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிற விஷயம்.

மண்சாலையில் ஒரு பெரிய காலடி கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நகக்குறி இல்லாமலும் உள்ளங்காலின் பின்விளிம்பில் மூன்று மடிப்புகளோடும் இருந்தால் அது பூனைக் குடும்பம். நகக்குறி இருந்தால் பெரும்பாலும் கழுதைப்புலி. இவ்வளவையும் எவரும் ஒரு வாரத்தில் கற்கலாம். கடினமானது நேரத்தைக் கணிப்பது. தடத்தின் மேல் பனித்துளி விழுந்த சிறுசிறு குழிகள் இருந்தால், விலங்கு பனி இறங்குமுன் போயிருக்கிறது. பனி படர்ந்த புல்லில் ஒரு பாதை மட்டும் நீர் உதிர்ந்து கருமையாகத் தெரிந்தால், அது பனி இறங்கிய பின் நடந்திருக்கிறது. தடத்தின் மேலே இரவு வண்டு ஊர்ந்த கோடு இருந்தால் அது இரவில் பதிந்தது. வண்டின் கோட்டைத் தடமே மிதித்து அழித்திருந்தால், விடியலை ஒட்டிப் பதிந்தது. பெரியவர் இவற்றை நின்று ஆராய்வதில்லை. நகரும் வண்டியில் அமர்ந்தபடியே கையைச் சற்று உயர்த்துவார், நான் நிறுத்துவேன், "ங்காலா" என்பார். சோங்காவில் அது சிங்கம். வானொலியில் நாங்கள் விலங்குகளை அந்த மொழிப் பெயர்களாலேயே குறிப்பிடுவோம், பின்னால் இருக்கும் விருந்தினர்களுக்கு முன்கூட்டியே எதிர்பார்ப்பை ஊட்டி, பிறகு விலங்கு இடம்பெயர்ந்துவிட்டால் ஏமாற்றமாகிவிடும் என்பதற்காக.

தரைக்கு அடுத்தது ஒலி. இம்பாலா மான்கள் மூக்கால் சீறுவதும், கூடூ மான் நாயைப்போல் உரத்துக் குரைப்பதும், மர அணில் ஒரே இடத்தில் வாலை ஆட்டிக்கொண்டு விடாமல் கிறீச்சிடுவதும் அருகில் ஊனுண்ணி ஒன்று இருப்பதற்கான செய்திகள். அணிலின் கூச்சல் பாம்புக்காகவும் இருக்கலாம், சிறுத்தைக்காகவும் இருக்கலாம். எதை நோக்கிக் கத்துகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஒட்டகச்சிவிங்கி பெரும்பாலும் குரல் கொடுக்காது, ஆனால் மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை நிறுத்தி ஒரே திசையில் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால், அந்தப் பார்வை முடியும் இடத்தில் பெரும்பாலும் சிங்கம் படுத்திருக்கும். ஒலிகளில் ஏமாறுவதும் உண்டு. இணைசேரும் பருவமான ஏப்ரல், மே மாதங்களில் இம்பாலா ஆண்கள் இரவில் எழுப்பும் உறுமலைக் கேட்டு, அறைக்கு வெளியே சிங்கம் நிற்கிறது என்று நடுங்கிப்போய் அழைத்த விருந்தினர்கள் பலர். கரிச்சான் குருவி பிற விலங்குகளின் எச்சரிக்கைக் குரலைப் போலவே கத்தி, அவை அஞ்சி ஓடும்போது விட்டுச்சென்ற இரையைத் திருடும் என்பதைக் களஹாரியில் செய்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே ஒரே ஒரு குரலை நம்பி எவரும் முடிவெடுப்பதில்லை.

இனி தூரத்திற்கு வருகிறேன்; கேள்விக்கான விடையின் நடு இதுதான். ஒவ்வொரு விலங்கைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத சில வட்டங்கள் இருப்பதாக நாங்கள் கற்கிறோம். வெளி வட்டத்திற்கு அப்பால் நாம் நின்றால் அது நம்மைப் பொருட்படுத்தாது. அதற்குள் வந்தால் தலை தூக்கிப் பார்க்கும். இன்னும் நெருங்கினால் விலகிப் போகும், அல்லது எச்சரிக்கும். கடைசி வட்டத்திற்குள் வந்துவிட்டால், ஓட வழியில்லை என்று அது எண்ணித் தாக்கும். இந்த வட்டங்களுக்கு நிலையான அளவு கிடையாது. குட்டி இருந்தால் விரியும்; காயம்பட்டிருந்தால் விரியும்; காற்று பலமாக வீசி எதுவும் சரியாகக் கேட்காத நாளிலும், நாம் வரும் வாடை அதற்கு எட்டாதபோதும் குழம்பும். வண்டியில் இருக்கும்போது மிகவும் சுருங்கும். ஏனெனில் பல தலைமுறைகளாக வண்டிகளைக் கண்டு பழகிய விலங்குகள் வண்டியையும் அதிலுள்ள மனிதரையும் ஒரே உருவமாகக் கொள்கின்றன. அதே சிங்கம், வண்டியிலிருந்து பத்து அடி தூரத்தில் கண்ணை மூடி உறங்கும். காலால் நடந்து வருபவரை எண்பது மீட்டரில் கண்டாலே எழுந்து ஓடும். வண்டியில் எழுந்து நிற்காதீர்கள் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், நிற்கும்போது அந்த ஒரே உருவம் உடைந்து மனித உருவம் தனியாகத் தெரிந்துவிடுகிறது என்பதே.

யானையைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நாள் தவறாமல் சந்திப்பதும், நாள் தவறாமல் நம்மைச் சிந்திக்க வைப்பதும் அதுவே. தமிழரான நமக்கு இதில் ஒரு தடுமாற்றம் நேரக்கூடும். கன்னத்தில் நீர் வழிந்தால் மதம் பிடித்திருக்கிறது என்பது நம் இலக்கியத்தில் ஊறிய அறிவு. ஆசிய ஆண் யானைக்கு அது சரி. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் குட்டிக்கும்கூடக் கன்னச் சுரப்பியிலிருந்து நீர் வடியும். பரபரப்பு, உறவினரைச் சந்தித்த கிளர்ச்சி, அச்சம் எல்லாம் அதற்குக் காரணமாகலாம். ஆகவே கன்னத்தை மட்டும் பார்த்து மதம் என்று கொள்ள முடியாது. ஆண் யானையின் பின்னங்கால்களுக்கிடையே சிறுநீர் விடாமல் சொட்டி, உட்புறத் தொடைகள் நனைந்து, அந்த நெடி காற்றில் தொலைவிலிருந்தே எட்டுகிறதா, தலையை உயர்த்தித் தோள்களை வீசி நடக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

அப்படி ஒரு களிறு ஒரு மாலை எங்களுக்கு எதிரே அதே சாலையில் வந்தது. காதை விரிக்கவில்லை, பிளிறவில்லை; நேரே நடந்து வந்தது. காதுகளை அகல விரித்து, தலையை உயர்த்தி, பிளிறிக்கொண்டு ஓடி வரும் யானை பெரும்பாலும் நம்மை மிரட்டிப் பார்க்கிறது. காதுகளைப் பின்னால் ஒட்டி, துதிக்கையை மார்போடு சுருட்டி, சத்தமின்றி வருவது மெய்யான தாக்குதலாக இருக்கும் வாய்ப்பு அதிகம். இந்த இலக்கணத்தை மீறும் யானைகளும் உண்டு. மதக் களிறோ சாலை தனக்குரியது என்று மட்டும் எண்ணுகிறது. நான் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தத் தொடங்கினேன். அதன் நடை வேகத்திற்கு ஏற்ப, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர், பக்கச் சாலை ஒன்று கிடைக்கும் வரை பின்னோக்கியே சென்றேன். அதில் நுழைந்து இயந்திரத்தை நிறுத்தினேன். களிறு எங்களுக்குப் பதினைந்து மீட்டர் முன்பாகக் கடந்து போயிற்று, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. விருந்தினர் ஒருவர், "ஒன்றுமே நடக்கவில்லையே" என்றார். ஒன்றும் நடக்காமல் இருப்பதற்காகத்தான் அந்த ஒரு கிலோமீட்டர் கழுத்தைத் திருப்பி ஓட்டினேன் என்று அவருக்கு விளக்கினேன்.

யானைகளின் நடத்தை தனித்தனி யானையின் குணம் மட்டுமல்ல என்பதை எனக்கு உணர்த்தியது பிலானெஸ்பர்க் நிகழ்வு. 1990-கள் வரை க்ரூகரில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைக்க அவற்றைச் சுட்டுக்கொல்லும் வழக்கம் இருந்தது. அவற்றில் தப்பவிடப்பட்ட இளம் யானைகள் சில, பெரியவை எவையும் உடனில்லாமல், பிலானெஸ்பர்க் பூங்காவில் கொண்டுபோய் விடப்பட்டன. வளர்ந்த பின் அந்த இளங்களிறுகளுக்கு இயல்பைவிடச் சிறு வயதிலேயே மதம் பிடித்தது, நீண்ட காலம் நீடித்தது; 1992-க்கும் 1997-க்கும் இடையில் அவை 40-க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் க்ரூகரிலிருந்து ஆறு முதிய களிறுகளைக் கொண்டுவந்து விட்டதும், இளையவற்றின் மதக்காலம் சுருங்கியது, கொலைகள் நின்றன. இதை அறிந்த பிறகு, ஆற்றங்கரையில் ஒரு முதிய களிறும் அதைச் சுற்றி நான்கைந்து இளையவையும் நிற்பதைக் காணும்போதெல்லாம் நான் வண்டியை அவற்றுக்கு இடையில் ஒருபோதும் விட்டதில்லை.

நடந்து செல்லும்போது யானையைவிட எனக்கு அச்சம் தந்தது காட்டெருமை. பெருங்கூட்டம் அல்ல, அது நம் வாடை பட்டதும் இடிபோல் ஓடிவிடும். கூட்டத்தை விட்டுப் பிரிந்து, சேற்றில் புரண்டு, ஓடை ஓரத்து நிழலில் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ படுத்திருக்கும் கிழட்டு ஆண்கள்தான் ஆபத்து. சிங்கத்திடமிருந்து கூட்டம் தரும் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை. ஓடினால் பிடிபடுவோம் என்று அறிந்தவை. ஆகவே அருகில் வந்தவரை முன்னறிவிப்பின்றி முட்டும். இவற்றைக் காட்டிக்கொடுப்பது அவற்றின் முதுகில் உண்ணி பொறுக்கும் சிறிய பறவைகள். சிவந்த அலகுள்ள இந்த உண்ணிகொத்திகள் மனிதரைக் கண்டதும் சீறும் குரலெழுப்பி மேலே எழும். கிழக்கு ஆப்பிரிக்க சுவாஹிலியில் இவற்றுக்குக் 'காண்டாமிருகத்தின் காவலர்' என்ற பொருளில் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் உண்மை என்பதை, கருங்காண்டாமிருகங்கள் இவற்றின் குரலைக் கேட்டே மனிதரை அறிந்துகொள்கின்றன என்று 2020-இல் வெளியான ஆய்வு நிறுவியது.

என் தவறொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பணியின் இரண்டாம் ஆண்டில் நான்கு விருந்தினர்களோடு வறண்ட ஓடை ஒன்றில் நடந்தேன். காற்றின் திசையை அறிய நாங்கள் சாம்பல் நிரப்பிய சிறு துணிப்பை ஒன்றை வைத்திருப்போம். அவ்வப்போது அதைத் தட்டினால் சாம்பல் பறக்கும் பக்கம் தெரியும். அன்று புறப்படும்போது ஒருமுறை தட்டிப் பார்த்தேன், பிறகு ஒரு மாருலா மரத்தைப் பற்றிய விளக்கத்தில் ஈடுபட்டு மறந்துவிட்டேன். காற்று திரும்பி எங்கள் முகத்தை நோக்கி வீசத் தொடங்கியிருந்தது. விலங்கைப் பின்தொடரும்போது அது நல்லது. எதிர்பாராமல் அருகில் போய்விடக்கூடிய அடர்ந்த இடத்தில் அது கெட்டது, ஏனெனில் முன்னே படுத்திருப்பதற்கு நாம் வருவது தெரியாது. நாணல் ஓரத்தில் இரண்டு உண்ணிகொத்திகள் எழுந்தன. நான் பேசிக்கொண்டேயிருந்தேன். பெரியவர் என் சட்டையின் பின்புறத்தைப் பற்றி இழுத்து, ஒரு சொல்லும் பேசாமல், வலப்புறமிருந்த பெரிய கரையான் புற்றைக் காட்டினார். நாங்கள் அதன் பின்னால் சேர்ந்த சில நொடிகளில், இருபது மீட்டர் தூரத்தில் நாணலை உடைத்துக்கொண்டு ஒரு கிழட்டுக் காட்டெருமை எழுந்து நின்றது. நீண்ட நேரம் எங்கள் பக்கம் மூக்கை உயர்த்திக்கொண்டு நின்றுவிட்டு, எதிர்க்கரை ஏறிப் போயிற்று. அன்றிரவு பெரியவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: பறவை பேசும்போது நீ பேசாதே.

சிங்கத்தைப் பற்றிக் கேட்காத விருந்தினர் இல்லை. உண்மையில் அது நாளின் இருபது மணி நேரம் படுத்துக் கிடக்கும் விலங்கு; எங்கள் வண்டி நின்றுகொண்டிருக்கும் வேளைகளில் பெரும்பாலானவற்றில் அது ஒரு காதை அசைப்பதே நிகழ்ச்சி. நடையில் சந்திக்கும்போதும் பெரும்பாலும் உறுமிவிட்டு அதுவே விலகும். விதிவிலக்கு குட்டிகளோடு இருக்கும் பெண் சிங்கம். ஒரு பாறைத்திட்டின் அருகே அப்படி ஒன்று ஒருமுறை எங்களை நோக்கிப் பாய்ந்து வந்தது. வால் இருபுறமும் சாட்டைபோல் வீசியதையும், அதன் குரல் காதில் விழுவதற்குமுன் என் நெஞ்சில் அதிர்ந்ததையும் இன்றும் உணர்கிறேன். ஓடக் கூடாது என்பது ஒன்றே விதி. ஓடினால் இரையாகிவிடுகிறோம். விருந்தினர்கள் என் பின்னே ஒட்டி நிற்க, நான் துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி உரத்த குரலில் அதை அதட்டினேன். பன்னிரண்டு மீட்டர் அளவில் அது நின்றது, மண்ணை உதைத்தது, உறுமியது. அது நின்றதும் நாமும் நிற்க வேண்டும். பிறகு அதன் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்க வேண்டும். மீண்டும் முன்னேறினால் மீண்டும் நிற்க வேண்டும். அறுபது மீட்டர் விலகுவதற்கு எங்களுக்கு ஒரு யுகம் ஆயிற்று. பிறகு அந்தப் பாறைத்திட்டை வரைபடத்தில் குறித்து, குட்டிகள் வளரும் வரை எவரும் அங்கே நடந்து போகக் கூடாது என்று காப்பகம் முழுவதற்கும் அறிவித்தோம். தவறு அதனுடையதன்று, அதன் வீட்டு வாசலில் நாங்கள் போய் நின்றோம்.

நீர்யானையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: பகலில் அதற்கும் நீருக்கும் இடையில் நிற்காதீர்கள், இரவில் அது மேயப் போகும் தடத்தில் நடக்காதீர்கள். பாம்புகள் பெரும்பாலும் நம் காலடி அதிர்விலேயே விலகிவிடும். விலகாதது பஃப் ஆடர் என்ற விரியன். அது தன் நிறத்தை நம்பி உலர்ந்த இலைகளுக்கிடையே அசையாமல் கிடக்கும், ஆகையால் நடைபாதையில் கால் வைக்கும் இடத்தைப் பார்த்தே வைக்க வேண்டும். உண்ணிக்கடியால் வரும் காய்ச்சல் வழிகாட்டிகளில் பலருக்கும் வந்திருக்கிறது, எனக்கும் வந்தது.

பெரும் விலங்குகளை எண்ணிப் பட்டியலிடும் ஆர்வத்தில் விருந்தினர்கள் தவறவிடுபவை பல. மழைக்காலத்தில் யானை லத்தியின் மேல் சாணவண்டுகள் நூற்றுக்கணக்கில் மொய்த்து, உருண்டை பிடித்து, பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு நேர்கோட்டில் விரையும். இரவில் உருட்டும் ஓர் இனம் பால்வீதியின் ஒளிப்பட்டையைக் கொண்டே திசை தவறாமல் செல்கிறது என்பதை ஜோஹன்னஸ்பர்க் கோளரங்கத்தில் செய்த சோதனைகள் மூலம் 2013-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். காட்டுநாய்க் கூட்டத்தைக் காண்பது அரிது. மாதத்திற்கு ஒருமுறை கண்டால் நல்ல மாதம். ஆப்பிரிக்கா முழுவதிலும் ஏறத்தாழ 6,600 மட்டுமே எஞ்சியுள்ள விலங்கு அது. வேட்டைக்குப் பின் குட்டிகளை முதலில் தின்னவிட்டுப் பெரியவை ஒதுங்கி நிற்பதை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்; அந்தக் காலைகளில் வண்டியில் எவரும் பேசியதில்லை. போட்ஸ்வானாவில் செய்த ஆய்வொன்று, கூட்டம் வேட்டைக்குக் கிளம்புவதா வேண்டாமா என்பது எத்தனை நாய்கள் தும்முகின்றன என்பதைப் பொறுத்து அமைகிறது என்று 2017-இல் தெரிவித்தது.

மாலை நான்கு மணிக்கு மீண்டும் புறப்பட்டு, பொழுது சாய்ந்த பின் கைவிளக்கின் ஒளியில் எட்டு மணிவரை செல்வோம். பகலில் உலவும் மான்களின் கண்ணில் ஒளி படாமல் விளக்கைத் தாழ்த்துவது கட்டாயம். ஒளியில் கண் கூசிய இம்பாலாவை இருளில் காத்திருக்கும் சிறுத்தைக்கு நாமே பிடித்துக்கொடுத்ததாகும். அந்த ஒளியில் பெரியவர் முப்பது மீட்டர் தூரத்து இலைகளுக்கிடையே பச்சோந்தியைக் கண்டுபிடிப்பார். இரவில் அதன் உடல் வெளிறி, இலைகளினின்று வேறுபட்டுத் தெரியும் என்று எனக்கு விளக்கினார். நான் கற்றுக்கொள்ள ஒரு முழுப் பருவம் பிடித்தது. விடுதிக்குத் திரும்பினாலும் வேலை முடிவதில்லை. வேலி இல்லாததால், உணவுக்குப்பின் ஒவ்வொரு விருந்தினரையும் அவர் அறை வாசல் வரை விளக்கோடு அழைத்துச் செல்ல வேண்டும். வாசலில் விட்ட தோல் செருப்பைக் கழுதைப்புலி தூக்கிப் போவதும், சமையலறைக் கதவின் தாழ்ப்பாளை ஹனி பேட்ஜர் எனப்படும் தேன்வளைக்கரடி திறந்துவிடுவதும் எங்கள் அன்றாடம்.

இப்போது காண்டாமிருகம். 19-ஆம் நூற்றாண்டின் வேட்டையில் க்ரூகர் பகுதியிலிருந்து அற்றுப்போன வெள்ளைக் காண்டாமிருகத்தை, 1961 முதல் தென்னாப்பிரிக்காவின் உம்ஃபோலோசி காப்பகத்திலிருந்து கொண்டுவந்து மீண்டும் குடியேற்றினார்கள். 2010-ஐ ஒட்டிப் பத்தாயிரத்திற்கும் மேல் இருந்த அவற்றின் எண்ணிக்கை, 2020-இன் முடிவில் ஏறத்தாழ 2,600 ஆகக் குறைந்தது. வறட்சியும் ஒரு காரணம். முதன்மைக் காரணம் கொம்புக்கான கள்ளவேட்டை. 2014-இல் மட்டும் தென்னாப்பிரிக்காவில் 1,215 காண்டாமிருகங்கள் கொல்லப்பட்டன, அவற்றுள் 827 க்ரூகரில். இந்த எண்கள் எங்கள் அன்றாடத்தையே மாற்றின. வானொலியில் காண்டாமிருகம் நிற்கும் இடத்தைச் சொல்வதை நிறுத்தினோம். படத்தில் இடக்குறிப்பு பதியாதபடி கைபேசியை அமைத்துக்கொள்ளும்படி விருந்தினர்களை வேண்டினோம். கொள்ளையரைத் தடுக்கக் கொம்பை அறுத்துவிட்ட விலங்குகளைப் பார்த்து ஏன் இப்படி இருக்கின்றன என்று குழந்தைகள் கேட்கும்போது மறைக்காமல் சொன்னோம்.

ரேஞ்சரின் உயிருக்கு ஆபத்து எது என்று கேட்டால், என் விடை இங்கேதான் இருக்கிறது. இரவில் நடந்து ரோந்து செல்லும் கள ரேஞ்சர்கள் யானைக்கும் சிங்கத்திற்கும் நடுவில் வேலை செய்கிறார்கள்; ஆனால் அவர்களைக் குறிவைத்து வருபவர் ஆயுதம் தாங்கிய மனிதர். டிம்பவாட்டியின் தலைமை ரேஞ்சராக இருந்த ஆன்டன் முசிம்பா, கொலை மிரட்டல்களுக்கு அஞ்சாமல் பணியைத் தொடர்ந்தவர். 2022 ஜூலையில் தம் வீட்டிலேயே, குடும்பத்தினர் கண்முன் சுடப்பட்டு இறந்தார். அவரைப் போன்றவர்கள் இரவெல்லாம் விழித்திருந்ததால்தான் நான் காலையில் விருந்தினர்களை அழைத்துப் போய்க் காண்டாமிருகத்தைக் காட்ட முடிந்தது.

கடைசியாக, போக விரும்புவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். மே முதல் செப்டம்பர் வரை புல் காய்ந்து, நீர்நிலைகள் சுருங்கி, விலங்குகள் எளிதில் தெரியும். காலைக் குளிர் கடுமையாக இருக்கும், திறந்த வண்டியில் கம்பளி இல்லாமல் உட்கார முடியாது. நவம்பர், டிசம்பரில் முதல் மழைக்குப் பின் இம்பாலாக் குட்டிகள் சில வாரங்களுக்குள் ஒட்டுமொத்தமாகப் பிறக்கும். காடு பச்சையாக இருப்பதால் விலங்குகள் குறைவாகத் தெரியும், ஆனால் பறவைகள் மிகுதி. மழைக்காலத்தில் மலேரியா உண்டு, புறப்படுமுன் மருத்துவரைக் கேளுங்கள். வண்டியில் உட்கார்ந்தே இருங்கள், குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், வழிகாட்டி பின்வாங்கினால் இன்னும் கொஞ்சம் அருகில் போங்கள் என்று கேட்காதீர்கள். நாளின் முடிவில் நன்றி சொல்லும்போது, முன்னிருக்கையில் அமர்ந்திருந்தவரிடம் முதலில் போய், "இன்கோமு" என்று சோங்காவில் நன்றி சொல்லுங்கள்.